ரிலீவர், க்ளோசர், சேவ்: புதுசா பேஸ்பால் பாக்குறவங்களுக்கு ஒரு கைடு

பேஸ்பால் மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர் கீழ மூணு பேர் வரும், வின் யாருக்கு, லாஸ் யாருக்கு, சேவ் யாருக்குன்னு. முதல் ரெண்டும் ஓரளவு புரிஞ்சுடும். மூணாவது, அதாவது லீடக் காப்பாத்தி மேட்ச முடிச்சவருக்குக் குடுக்கறதுதான் புதுசா பாக்குறவங்கள குழப்பும், ஏன்னா ஒருநாள் கடைசியா ஒரே ஒரு அவுட் எடுத்தவனுக்கு சேவ் குடுப்பாங்க, இன்னொரு நாள் முழு இன்னிங்ஸ் (அதாவது மூணு அவுட்) போட்டு மேட்ச முடிச்சவனுக்கு ஒண்ணுமே குடுக்க மாட்டாங்க. ரூல் தெரியாம பாத்தா ஸ்கோரர் அவர் இஷ்டத்துக்கு எழுதுறார்னுதான் தோணும். உண்மையில அதுக்குப் பின்னால ஒரு சின்ன கூட்டல் கணக்குதான் இருக்கு. இந்தக் கைடு அந்தக் கணக்குக்கும், அந்த நம்பர எவ்ளோ தூரம் நம்பலாம்ங்கறதுக்கும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலத்தான் முக்கியமா எடுத்துக்கறேன், நடுவுல ஜப்பான் லீக்குக்கும் ஒரு எட்டு போயிட்டு வருவோம்.

முதல் படி: புல்பென்ல யார் யார்னு தெரிஞ்சுக்கங்க

ஒரு டீம்ல 26 பேர், அதுல பிட்ச்சர்கள், அதாவது பந்து போடுறவங்க, 13 பேருக்கு மேல இருக்கக் கூடாது. பொதுவா அஞ்சு பேர் ஸ்டார்ட்டர், மாத்தி மாத்தி மேட்ச ஆரம்பிச்சு வைக்கிறவங்க. மீதி எட்டு பேர் ரிலீவர். இவங்க மைதானத்துல ஒரு ஓரமா புல்பென்னு ஒரு இடத்துல உக்காந்திருப்பாங்க, டீம் உக்காந்திருக்கற டக்அவுட்ல இருந்து போன் வந்தா எந்திரிச்சு கைய சூடாக்குவாங்க.

ஒரு விஷயம் முதல்லயே மனசுல வாங்கிக்கங்க: மேட்ச விட்டு வெளிய போன பிட்ச்சர் திரும்ப வர முடியாது. கிரிக்கெட்ல பும்ராவ ரெண்டு ஓவர் போட வச்சுட்டு ஓரமா நிறுத்தி, கடைசில டெத் ஓவருக்குத் திரும்பக் கூப்பிடலாம், இங்க அந்த வசதி கிடையாது. அதனாலதான் டீம நடத்துற மேனேஜருக்கு "இப்பவே இவன இறக்கவா, இன்னும் கொஞ்சம் பாக்கவா"ன்னு ராத்திரி பூரா தலைவலி.

ரிலீவர்லயே வேற வேற வேலை இருக்கு. ஸ்டார்ட்டர் ரெண்டாவது இன்னிங்ஸ்லயே அடி வாங்கி வெளிய போயிட்டா மூணு நாலு இன்னிங்ஸ் இழுத்துப் பிடிக்கிறவர் லாங் ரிலீவர். ஆறு, ஏழாவது இன்னிங்ஸ்ல வர்றவங்க மிடில் ரிலீவர். எட்டாவதுக்கு செட்டப் மேன். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸுக்கு க்ளோசர். இது எதுவும் ரூல் புக்ல இல்ல, பழக்கத்துல வந்தது. முன்னாடி இடது கை பேட்டர் ஒருத்தருக்காக மட்டும் இடது கை பிட்ச்சர் ஒருத்தர் வந்து ஒரே ஆளுக்குப் போட்டுட்டுப் போவார், 2020ல இருந்து அது முடியாது. வர்ற பிட்ச்சர் குறைஞ்சது மூணு பேட்டருக்குப் போடணும், இல்ல அந்த அரை இன்னிங்ஸ் (ஒரு டீமோட பேட்டிங் முறை) முடியணும்.

ரெண்டாவது படி: சேவ் ரூல ஒரு நிஜ மேட்ச வச்சுப் படிங்க

2023 மார்ச்ல மயாமில நடந்த வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் ஃபைனல் வீடியோ இருந்தா எடுத்துக்கங்க. ஜப்பான் 3, அமெரிக்கா 2. எட்டாவது இன்னிங்ஸ்ல டார்விஷ் போட்டு ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) குடுத்ததுல லீட் ஒரே ஒரு ரன்னா சுருங்கிருச்சு. ஒன்பதாவதுக்கு ஷோஹெய் ஓடானி வர்றார். அது வரைக்கும் பேட்டிங் பண்ணிட்டு இருந்த மனுஷன், நடுவுல ஓடிப் போய் புல்பென்ல சூடாக்கிட்டு வந்தவர், யூனிஃபார்ம்ல மண்ணு அப்படியே ஒட்டிருக்கும். முதல் பேட்டர் மெக்நீலுக்கு வாக், அதாவது நாலு தப்பான பந்து போட்டு முதல் பேஸ இலவசமா, குடுத்துட்டார். அடுத்து மூக்கி பெட்ஸ் அடிச்சது டபுள் ப்ளே ஆயிருச்சு, ஒரே பந்துல ரெண்டு அவுட். கடைசியா மைக் ட்ரவுட், அப்ப ஏஞ்சல்ஸ் டீம்ல ஓடானியோட ஒண்ணா ஆடிட்டு இருந்தவர். கவுன்ட் மூணு பால் (தப்பான பந்து), ரெண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒரு ஸ்ட்ரைக்னா அவுட். வெளிய நோக்கி வளைஞ்சு போன ஸ்லைடர், ட்ரவுட் வீசினார், படல. மேட்ச் ஓவர், சேவ் ஓடானிக்கு.

இப்ப இத ரூலோட பொருத்திப் பாருங்க. ஓடானியோட டீம் ஜெயிச்சுது. மேட்ச முடிச்ச பிட்ச்சர் அவர்தான். வின் அவர் பேர்ல இல்ல, ஒரே ஆளுக்கு வின்னும் சேவும் சேத்துக் குடுக்க மாட்டாங்க. குறைஞ்சது ஒரு அவுட்டாவது எடுத்திருக்கணும், மூணு எடுத்துட்டார். இந்த நாலும் எல்லா சேவுக்கும் கட்டாயம்.

இது போக கீழ இருக்கற மூணுல ஏதாவது ஒண்ணு போதும்:

அ) வரும்போது லீட் மூணு ரன்னுக்கு மேல இல்ல, வந்தவர் ஒரு முழு இன்னிங்ஸாவது போட்டார்.

ஆ) வரும்போது, ஸ்கோர சமம் பண்ணக்கூடிய ஆள் பேஸ்ல நிக்கிறார், இல்ல பேட்டிங் பண்ண நிக்கிறார், இல்ல அடுத்த பேட்டரா காத்துட்டு இருக்கார்.

இ) லீட் எவ்ளோ இருந்தாலும் சரி, மூணு இன்னிங்ஸ் உருப்படியா போட்டு முடிச்சார்.

ஓடானி கேஸ்ல அ, ஆ ரெண்டுமே பொருந்துது. "வரும்போது"ங்கறத அடிக்கோடு போட்டுக்கங்க, முக்கால்வாசி குழப்பம் அங்கதான் வருது. பிட்ச்சர் மவுண்டுக்கு (பந்து போடுற மேட்டுக்கு) வந்த நிமிஷத்துல ஸ்கோர் என்னன்னுதான் பாப்பாங்க, முடிவுல என்னன்னு இல்ல. எட்டாவது இன்னிங்ஸ்ல மூணு ரன் லீட்ல வந்தார், அவங்க டீம் அதுக்கப்புறம் இன்னும் அஞ்சு ரன் அடிச்சு எட்டு ரன் லீடா ஆக்கிருச்சு, அவரே கடைசி வரைக்கும் போட்டார்னா சேவ் உண்டு. ஆனா ஒன்பதாவதுல நாலு ரன் லீட்ல வந்து, பேஸ் காலி, மூணு ரன் குடுத்து ஒரு ரன்ல மூச்சு வாங்கி ஜெயிச்சா சேவ் கிடையாது, எவ்ளோ வேர்த்தாலும்.

மூணாவது படி: கூட்டல் கணக்கு

ஆ பிரிவத்தான் எல்லாரும் தடுமாறுவாங்க. அதுக்கு ஒரு சுருக்கு வழி: பேஸ்ல எத்தன பேர் நிக்கிறாங்களோ அதோட ரெண்டு கூட்டுங்க. ஒருத்தர் பேட்டிங் பண்றவர், இன்னொருத்தர் காத்துட்டு இருக்கறவர். லீட் அந்தக் கூட்டுத்தொகைக்கு சமமாவோ குறைவாவோ இருந்தா சேவ் வாய்ப்பு. அவ்ளோதான்.

போட்டுப் பாக்கலாம். ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், பேஸ் காலி, லீட் ரெண்டு. 0 + 2 = 2, லீட் 2, வாய்ப்பு உண்டு. ஒரே அவுட் எடுத்தா போதும், சேவ் கையில. அதே நிலைமை, லீட் மட்டும் மூணு. 2 பத்தாது, அ பிரிவுல போலாம்னா ஒரு முழு இன்னிங்ஸ் மிச்சம் இல்ல, அதனால கிடையாது. லீட் நாலு, பேஸ்ல ரெண்டு பேர்: 2 + 2 = 4, உண்டு. லீட் அஞ்சு, பேஸ் மூணும் ஃபுல்: 3 + 2 = 5, இதுவும் உண்டு. அஞ்சு ரன் முன்னால இருக்கும்போது ஒரே ஒரு பந்து போட்டு சேவ் எடுத்துட்டுப் போறது இப்படித்தான்.

டிவில ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆரம்பத்துல நாலு ரன் லீட் இருக்கும், க்ளோசர் சும்மா உக்காந்திருப்பார், வேற ஒருத்தர் போடுவார். ரெண்டு பேர் பேஸ் ஏறினதும் திடீர்னு க்ளோசர் எந்திரிச்சு வார்ம்அப் பண்ணி ஓடி வருவார். இந்தக் கணக்கு தெரிஞ்சா ஏன் அந்த நேரத்துல வர்றார்னு புரிஞ்சுடும்.

நாலாவது படி: மூணு இன்னிங்ஸ் சேவ்ல ஏமாறாதீங்க

இ பிரிவு ஒரு வேடிக்கையான பிரிவு. 2007 ஆகஸ்ட் 22, டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பால்டிமோர்ல ஓரியோல்ஸ 30-3ன்னு அடிச்சுது. ஆமா, முப்பது. அந்த மேட்ச்லயும் ஒரு சேவ் இருக்கு! வெஸ் லிட்டில்டன் 14-3ன்னு இருந்தப்ப ஏழாவதுல வந்து கடைசி மூணு இன்னிங்ஸ் போட்டார், ரூல்படி சேவ். பதினொரு ரன் லீட்ல என்னத்தக் காப்பாத்தினார்னு கேட்டா ஸ்கோரர்கிட்ட பதில் இருக்காது.

அதே பிரிவுக்கு இன்னொரு முகமும் இருக்கு. 2014 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக்கோட ஃபைனல் சீரிஸ்) ஏழாவது மேட்ச், கான்சாஸ் சிட்டி. சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 3-2 லீட். மேடிசன் பம்கார்னர் அஞ்சாவது மேட்ச்ல முழு ஒன்பது இன்னிங்ஸ் போட்டு வெறும் ரெண்டு நாள்தான் ரெஸ்ட் எடுத்திருந்தார். அஞ்சாவது இன்னிங்ஸ்ல வந்து கடைசி அஞ்சு இன்னிங்ஸும் ஒரு ரன் கூட குடுக்காம போட்டு கப்ப வாங்கிக் குடுத்தார். முதல்ல வின்ன அவருக்குத்தான் எழுதினாங்க. அப்புறம் ரூலப் பாத்து, ஜயன்ட்ஸ் லீட் எடுத்தப்ப பிட்ச்சரா இருந்தது ஜெரமி அஃபெல்ட்ங்கறதால வின் அவருக்குப் போச்சு, பம்கார்னருக்கு சேவ்.

லிட்டில்டனுக்கும் 1, பம்கார்னருக்கும் 1. சேவ் கணக்குல ரெண்டும் ஒரே எடை. இந்த நம்பர எடுத்து வச்சு யாராவது வாதம் பண்ணினா இந்த ரெண்டு மேட்சயும் ஞாபகப்படுத்திக்கங்க.

அஞ்சாவது படி: பாக்ஸ் ஸ்கோர் படிக்கிறது

மேட்ச் முடிஞ்சதும் பிட்ச்சர்கள் பட்டியல்ல பேருக்குப் பக்கத்துல எழுத்து இருக்கும். டபிள்யூன்னா வின், எல்லுன்னா லாஸ், எஸ் போட்டு பக்கத்துல 32ன்னு இருந்தா இந்த சீசன்ல அவருக்கு இது 32வது சேவ். ஹெச்னா ஹோல்டு, பிஎஸ்னா ப்ளோன் சேவ்.

ஹோல்டுங்கறது நடுவுல வர்றவங்களுக்கான ஆறுதல் பரிசு மாதிரி ஒண்ணு. சேவ் வாய்ப்புல வந்து, ஒரு அவுட்டாவது எடுத்து, லீட விடாம அடுத்தவர் கையில குடுத்துட்டுப் போனா ஹோல்டு. ஒரே மேட்ச்ல மூணு பேருக்குக்கூட கிடைக்கும். மேஜர் லீக் இத அதிகாரப்பூர்வ கணக்கா வச்சுக்கல, ஆனா எல்லா இடத்துலயும் போடுவாங்க. ஜப்பான்ல அப்படி இல்ல, அங்க ஹோல்டு அதிகாரப்பூர்வம், அத வச்சு நடுவுல போடுறவங்களுக்குத் தனி விருதே இருக்கு. இந்த விஷயத்துல ஜப்பான்காரங்கதான் நியாயமா நடந்துக்கறாங்கன்னு நான் சொல்லுவேன்.

ப்ளோன் சேவ்ல ஒரு அநியாயம் இருக்கு. சேவ் வாய்ப்புல வந்து ஸ்கோர் சமமாக விட்டா ப்ளோன் சேவ். இது க்ளோசருக்கு மட்டும் இல்ல, ஏழாவது இன்னிங்ஸ்ல ஒரு ரன் லீட்ல வர்ற ஆளுக்கும் பொருந்தும். அவர் ஒழுங்கா போட்டிருந்தாலும் ஒன்பதாவது வரைக்கும் விட்டிருக்க மாட்டாங்க, சேவ் கிடைச்சிருக்கவே கிடைக்காது, ஹோல்டுதான். ஆனா சொதப்பினா மட்டும் பிஎஸ் விழும். அதனால செட்டப் மேன் ஒருத்தர் கணக்குல சேவ் 2, ப்ளோன் சேவ் 6ன்னு பாத்துட்டு "இவன் தேற மாட்டான்"னு முடிவு பண்ணிடாதீங்க, ஹோல்டையும் சேத்துப் பாருங்க.

இன்னொண்ணு, ப்ளோன் சேவும் வின்னும் ஒரே ஆளுக்கு வரலாம். லீட கோட்டை விட்டார், அடுத்த அரை இன்னிங்ஸ்ல அவங்க டீமே ரன் அடிச்சு திரும்ப முன்னால போச்சு, அவர்தான் அப்ப பிட்ச்சர், வின் அவருக்கு. இந்தக் கொடுமையிலதான் சேவே பொறந்துச்சு, அத அடுத்துச் சொல்றேன்.

இன்னிங்ஸ் கணக்குல 0.1, 0.2ன்னு பாத்தா தசமம்னு நினைக்காதீங்க. 0.1னா ஒரு அவுட், 0.2னா ரெண்டு அவுட். அப்புறம் ரிலீவர் வரும்போது ஏற்கனவே பேஸ்ல நின்னவங்க ரன் எடுத்தா அது முன்னால போட்டவர் கணக்குலதான் ஏறும், இவர் கணக்குல இல்ல. அதனால பேஸ் ஃபுல்லா இருக்கும்போது வந்து மூணு பேரையும் ஓட விட்டுட்டு "நான் ரன்னே குடுக்கல"ன்னு சுத்தமான ஈஆர்ஏவோட (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுத்த ரன்) போற ஆளும் உண்டு. பட்டியலுக்குக் கீழ இன்ஹெரிட்டட் ரன்னர்னு ஒரு வரி இருக்கும், 2-0, 3-2ன்னு. முதல் எண் வரும்போது நின்னவங்க, ரெண்டாவது அதுல எத்தன பேர் ரன் எடுத்தாங்கன்னு. ரிலீவர எடை போட நான் முதல்ல பாக்குறது அந்த வரியத்தான்.

ஆறாவது படி: இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு, என்ன பண்ணிச்சு

1959ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் 18 வின், 1 லாஸ். எல்லாமே ரிலீஃப்ல வந்து. எல்லாரும் வாயப் பொளந்துட்டு பாத்தாங்க. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் மட்டும் கொஞ்சம் நோண்டிப் பாத்தார், அதுல பல மேட்ச்ல ஃபேஸ் லீட விட்டுக் குடுத்து, அப்புறம் டீம் அடிச்சு ஜெயிச்சதுல வந்த வின். லீடக் காப்பாத்துன ரிலீவருக்கு ஒண்ணும் இல்ல, விட்டவருக்கு வின்னான்னு கேட்டுத்தான் சேவ்னு ஒரு கணக்க உருவாக்கினார். 1969ல மேஜர் லீக் அத அதிகாரப்பூர்வமா எடுத்துக்கிச்சு, அந்த வருஷம் ஏப்ரல் 7 அன்னிக்கு சின்சினாட்டிக்கு எதிரா முதல் சேவ் எடுத்தவர் டாட்ஜர்ஸோட பில் சிங்கர். அவர் அந்த சீசன்ல 20 வின் எடுத்த ஒரு ஸ்டார்ட்டர்ங்கறது தனி காமெடி. அப்புறம் ரூல ஒண்ணு ரெண்டு தடவ மாத்தி, 1975ல இப்ப இருக்கற வடிவத்துக்கு வந்துச்சு.

நடந்தத அளக்கத்தான் கணக்கு வந்துச்சு, ஆனா போகப் போக கணக்குக்கு ஏத்த மாதிரி ஆட்டத்த நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. எழுபதுகள்ல ரோலி ஃபிங்கர்ஸ், கூஸ் கோசேஜ் மாதிரி ஆளுங்க எங்க நெருக்கடியோ அங்க வந்து ரெண்டு மூணு இன்னிங்ஸ் போட்டாங்க. 1979ல சிகாகோ கப்ஸ் மேனேஜர் ஹெர்மன் ஃப்ராங்க்ஸ், ப்ரூஸ் சட்டர பெரும்பாலும் லீட் இருக்கும்போது மட்டும் இறக்கினார். எண்பதுகள் கடைசில ஓக்லண்ட்ல டோனி லா ரூஸா, டெனிஸ் எக்கர்ஸ்லிய ஒன்பதாவது இன்னிங்ஸுக்குன்னே ஒதுக்கி வச்சார். எக்கர்ஸ்லி ஸ்டார்ட்டரா இருந்து வந்தவர், 1990ல 73 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட்), வெறும் 4 வாக், ஈஆர்ஏ 0.61. 1992ல 51 சேவ், சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதும், சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபியும் ஒரே வருஷத்துல. இத பாத்த மத்த டீமெல்லாம் அதே மாதிரி ஒரு ஆள ஒன்பதாவதுக்குன்னு கட்டிப் போட்டாங்க. எல்லார்கிட்டயும் எக்கர்ஸ்லி இருந்தாரா என்ன?

அதுக்கப்புறம் நம்பர் ஏறிட்டே போச்சு. 1990ல பாபி திக்பென் 57 சேவ், 2008ல ஏஞ்சல்ஸோட ஃப்ரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் 62, இன்னிக்கும் ஒரு சீசன் ரெக்கார்ட் அதுதான். ஆனா அந்த வருஷம் சை யங் விருது அவருக்குக் கிடைக்கல, க்ளிஃப் லீக்குப் போச்சு. ஏன்னா ரோட்ரிகஸுக்குக் கிடைச்ச வாய்ப்பே 69. டீம் நெருக்கமான மேட்ச்சா ஜெயிச்சுட்டே இருந்தா சேவ் குவியும், அதுல க்ளோசரோட திறமையும் உண்டு, டீமோட ஸ்கோர் அமைப்பும் உண்டு.

மொத்தக் கணக்குல மாரியானோ ரிவேராதான் உச்சம், 652 சேவ், எல்லாமே யாங்கீஸுக்கு. பனாமால மீனவக் குடும்பத்துல பொறந்தவர். கட்டர்ங்கற ஒரே பந்த வச்சுக்கிட்டுதான் முக்கால்வாசி பொழப்ப ஓட்டினார், பேட்டருக்கு வர்றது என்னன்னு தெரியும், இருந்தும் பேட் ஒடையும். ப்ளே ஆஃப்ல மட்டும் 42 சேவ், ஈஆர்ஏ 0.70. 2019ல ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுல 425க்கு 425 வாங்கினார், அப்படி ஒருமனதா போன முதல் ஆள். அவரே 2001 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச்ல ஒன்பதாவது இன்னிங்ஸ்ல லீட விட்டு அரிசோனாகிட்ட கப்ப இழந்தார். அடுத்த இடம் ட்ரெவர் ஹாஃப்மன், 601. அறுநூறத் தாண்டினது இவங்க ரெண்டே பேர்தான்.

ஜப்பான்ல ஹிட்டோகி இவாசே 407 சேவ், சூனிச்சி டிராகன்ஸ். அவர் எடுத்ததுலயே பேர்போன சேவ் 2007 ஜப்பான் சீரிஸ் அஞ்சாவது மேட்ச். டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் யமாய் எட்டு இன்னிங்ஸ் வரைக்கும் ஒருத்தரக்கூட பேஸ் ஏற விடல, பெர்ஃபெக்ட் கேமுக்கு இன்னும் மூணே அவுட், ஸ்கோர் 1-0. மேனேஜர் ஓசியாய் அவர எடுத்துட்டு இவாசேவ இறக்கினார். இவாசே மூணு பேரையும் வரிசையா அவுட் பண்ணி கப்ப ஜெயிச்சுக் குடுத்தார். அங்க இன்னும் அத வச்சு சண்டை போடுறாங்க.

ஏழாவது படி: சேவ் எப்ப பொய் சொல்லும்னு பாருங்க

எனக்கு இந்த நம்பர் மேல இருக்கற பெரிய கோபம் 2016 அக்டோபர் 4ல இருந்து. டொரண்டோல வைல்ட் கார்டு மேட்ச், தோத்தா வீட்டுக்கு. பால்டிமோர் ஓரியோல்ஸ்கிட்ட சாக் ப்ரிட்டன் இருந்தார், அந்த சீசன்ல 47 சேவ் வாய்ப்பு, 47ம் சேவ், ஈஆர்ஏ 0.54. ஸ்கோர் 2-2. ஒன்பதாவது போச்சு, பத்தாவது போச்சு, ப்ரிட்டன் வரல. வெளியூர் மேட்ச்ல க்ளோசர லீட் கிடைச்ச அப்புறம்தான் இறக்கணும்ங்கறது பழைய வழக்கம், மேனேஜர் பக் ஷோவால்டர் அத நம்பி லீடுக்காகக் காத்துட்டு இருந்தார். பதினொண்ணாவதுல ஸ்டார்ட்டர் உபால்டோ ஹிமெனஸ் வந்தார், ரெண்டு சிங்கிள், அடுத்து எட்வின் என்கார்னாசியோன் மூணு ரன் ஹோம் ரன். 5-2, சீசன் முடிஞ்சுது. லீக்லயே நல்லா போட்ட ரிலீவர் அன்னிக்கு ஒரு பந்துகூட போடல. சேவ் வாய்ப்பு வரலையே! சேவ்னு ஒரு கணக்கே இல்லாம இருந்திருந்தா எந்த மேனேஜராவது ப்ரிட்டன அப்படி உக்கார வச்சிருப்பாரா?

அதே மாசத்துல க்ளீவ்லண்ட் மேனேஜர் டெரி ஃப்ராங்கோனா நேர்மாறா பண்ணினார். தன் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லர ஆறாவது, ஏழாவது, சில நேரம் அஞ்சாவதுலயே இறக்கினார், ஒன்பதாவதுக்குப் பெரும்பாலும் கோடி ஆலன். அந்த அமெரிக்கன் லீக் ஃபைனல் சீரிஸோட எம்விபி மில்லர்தான்.

பணத்துலயும் இது விளையாடும். யாங்கீஸோட டெலின் பெட்டன்சஸ் 2016ல 73 இன்னிங்ஸ்ல 126 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர், ஆனா பெரும்பாலும் எட்டாவது இன்னிங்ஸ் ஆள், சேவ் 12தான். சம்பள ஆர்பிட்ரேஷன்ல (சம்பளத்த நடுவர் முடிவு பண்றது) 50 லட்சம் டாலர் கேட்டார், தோத்து 30 லட்சம்தான் கிடைச்சுது. க்ளோசர்ங்கற பேரு இருந்தா கதை வேற, 2022ல மெட்ஸ் எட்வின் டியஸுக்கு அஞ்சு வருஷத்துக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் குடுத்தாங்க.

சரி, சேவ விட்டுட்டு எதப் பாக்கலாம்? ஸ்ட்ரைக்அவுட் எவ்ளோ, வாக் எவ்ளோன்னு பாருங்க, ரெண்டுக்கும் இடைவெளி பெருசா இருந்தா நல்ல ஆள். அப்புறம் விப், அதாவது ஒரு இன்னிங்ஸுக்கு எத்தன பேர வாக்லயோ ஹிட்லயோ பேஸ் ஏற விட்டார்ங்கறது. ஒண்ணுக்குக் கீழ இருந்தா அருமை. ஈஆர்ஏவ மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ரிலீவர் வருஷத்துக்கு 60, 70 இன்னிங்ஸ்தான் போடுவார், ஒரு கெட்ட ராத்திரி மொத்தத்தையும் கவுத்துடும். 60 இன்னிங்ஸ்ல 16 ரன் குடுத்தா ஈஆர்ஏ 2.40. ஒருநாள் ஒரு அவுட்கூட எடுக்காம அஞ்சு ரன் குடுத்தார்னு வைங்க, 3.15க்கு ஏறிடும். ஆள் அதே ஆள்தான்.

இன்னும் கொஞ்சம் உள்ள போக ஆசைன்னா லெவரேஜ் இன்டெக்ஸ் பாருங்க, டாம் டேங்கோ உருவாக்கினது. ஒரு கட்டம் எவ்ளோ நெருக்கடின்னு சொல்லும் எண், 1 சராசரி, 2ன்னா ரெண்டு மடங்கு நெருக்கடி. மூணு ரன் லீட், ஒன்பதாவது, பேஸ் காலின்னா அது 1க்கும் கீழ. அந்த நிலைமைல இருக்கற டீம் நூத்துக்கு 95க்கு மேல ஜெயிச்சுடும், சாதாரண ரிலீவர் போட்டாலே. ஆனா ஏழாவதுல ஒரு ரன் லீட், பேஸ் ஃபுல், ஒரு அவுட்டுன்னா எண் எங்கயோ போகும், அங்க வந்து ரெண்டு அவுட் எடுக்கறவருக்கு சேவ் கிடையாது, ஒரு ஹெச் மட்டும்.

எட்டாவது படி: ஏழாவது இன்னிங்ஸ்ல இருந்து பாருங்க

முழு மேட்சும் பாக்க நேரம் இல்லன்னா பரவால்ல. நியூயார்க்ல சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பிக்கிற மேட்ச் கோடைல நம்ம நேரத்துக்கு விடிகாலை நாலரை மணி. 2023ல பிட்ச் க்ளாக் (பந்து போட நேரக் கெடு) வந்ததுக்கு அப்புறம் மேட்ச் ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுது, அதனால காலைல ஆறு, ஆறேகாலுக்கு காபியோட உக்காந்தா ஏழாவது இன்னிங்ஸ் ஓடிட்டு இருக்கும். கலிஃபோர்னியா மேட்ச்னா அதுக்கும் மூணு மணி நேரம் கழிச்சு.

உக்காந்ததும் முதல்ல லீட் எவ்ளோன்னு பாருங்க. அப்புறம் எட்டாவதுலயும் ஒன்பதாவதுலயும் எதிர் டீம் பேட்டிங் வரிசைல யார் யார் வரப் போறாங்கன்னு எண்ணுங்க. அவங்க டாப் மூணு பேரும் எட்டாவதுலயே வர்றாங்கன்னா அங்கதான் உண்மையான மேட்ச். மேனேஜர் க்ளோசர எட்டாவதுக்கே கொண்டு வர்றாரா, இல்ல ஒன்பதாவதுல கடைசி வரிசை பேட்டர்களுக்குன்னு பத்திரமா வச்சிருக்காரான்னு கவனிங்க. கேமரா புல்பென்ன காட்டும்போது எத்தன பேர் போட்டுட்டு இருக்காங்கன்னு பாருங்க, இடது கை ஒருத்தர் வலது கை ஒருத்தர்னு ரெண்டு பேர் இருந்தா மேனேஜர் இன்னும் முடிவு பண்ணலன்னு அர்த்தம். நேத்தும் முந்தாநேத்தும் போட்ட ஆள மூணாவது நாளும் இறக்க பல டீம் யோசிக்கும், அதனால முந்தின ரெண்டு நாள் பாக்ஸ் ஸ்கோர ஒரு தடவ புரட்டிட்டு வந்தா இன்னிக்கு க்ளோசர் கிடைப்பாரா மாட்டாரான்னு கமென்டேட்டருக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

ப்ளே ஆஃப்ல மட்டும் இந்தப் பழக்கமெல்லாம் செல்லாது. 2024 வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது மேட்ச், யாங்கீஸ் ஸ்டேடியம், டாட்ஜர்ஸ் 7-6 லீட்ல ஒன்பதாவதுக்கு வந்தவர் க்ளோசரே இல்ல, வாக்கர் ப்யூலர், ரெண்டு நாள் முன்னாடிதான் மூணாவது மேட்ச ஆரம்பிச்சு வச்ச ஸ்டார்ட்டர். மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் அவுட். பாக்ஸ் ஸ்கோர எடுத்து அவர் பேருக்குப் பக்கத்துல பாருங்க, எஸ் போட்டு 1ன்னு இருக்கும்.